சாந்தாந்தேர்ப் பயணம்: ஒரு திட்டம்

புக்கரமாங்கா என்னும் பெயரை முதன்முறையாகக் கேட்கும் தமிழ் மாணவனுக்குச் சிரிப்பு வருவது இயல்பே. மாங்காய்க்கும் அந்த ஊருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள கொலம்பியா நாட்டிலே, சாந்தாந்தேர் என்னும் மாகாணத்தின் தலைநகரம் அது. ஸ்பானியர் அங்கே வந்து குடியேறுமுன் வாழ்ந்திருந்த பழங்குடி மக்களின் நாவில் வழங்கிய பெயர், அவர்களுடைய மொழி மறைந்த பின்னும் ஊரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நகரத்தையும், இதைச் சூழ்ந்த பழமையான ஊர்களையும், மலைப் பள்ளத்தாக்குகளையும், பூங்காக்களையும் காணப் புறப்படும் ஒருவர் தம் பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம். நேரில் போக வாய்ப்புள்ளவர் சிலராகவே இருப்பர். எனினும், தேசப்படத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைத் திட்டமிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த பூகோளப் பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. புக்கரமாங்காவுக்கும், அம்மாகாணத்தின் மிக அழகிய ஊரெனப் பெயர் பெற்ற பரிச்சாராவுக்கும் இடையே உள்ள தூரத்தை அடிக்கோல் வைத்து அளந்தால், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வரும். ஆனால் சாலை வழியே சென்றால் 120 கிலோமீட்டர் வரை ஆகிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கிறது. நேர்வழி எங்கே போயிற்று? இரண்டு ஊர்களுக்கும் நடுவே சிக்கமோச்சா என்னும் ஆறு மலையை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சாலை முதலில் அந்தப் பள்ளத்தின் அடிவரை இறங்க வேண்டும். ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு மறுகரை மலைமேல் வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஆதலின் இந்த நாட்டிலே பயணம் செய்ய விரும்புவோர் தூரத்தைக் காட்டும் படத்தோடு நில்லாமல், உயரத்தைக் காட்டும் படத்தையும் பார்த்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து ஊர் என்று தூரக் கணக்கை மட்டும் வைத்துத் திட்டமிடுபவர், ஐந்து ஊர்களின் பேருந்து நிலையங்களை மட்டுமே கண்டு திரும்புவார்.

உயரம் என்பது வழியை மட்டுமன்றி, வெப்பத்தையும் தீர்மானிக்கிறது. புக்கரமாங்கா வட அட்சம் 7 பாகையில் இருக்கிறது. இலங்கையின் கண்டி நகரம் இருப்பதும் ஏறக்குறைய அதே அட்சத்திலேதான். கன்னியாகுமரியோ இதற்கும் வடக்கே உள்ளது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகே இருப்பதால், ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. கோடை, குளிர் என்ற வேறுபாட்டை அங்கே நாட்காட்டியில் தேடிப் பயனில்லை. மலையின் மேலும் கீழுமாகத் தேட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது நீங்கள் வகுப்பில் படித்த பாடமே. சிக்கமோச்சாவின் அடித்தளத்தில், சாலை ஆற்றைக் கடக்கும் இடம் கடல் மட்டத்துக்கு ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரமே. அங்கே வெயில் கொளுத்தும், கள்ளிகள் வளரும், ஆடுகள் மேயும். நகரம் 960 மீட்டர் உயரத்தில் இதமாக இருக்கிறது. நகருக்குக் கிழக்கே உயர்ந்த மலைமுடிப் புல்வெளிகள் 3,000 மீட்டருக்கு மேற்பட்டவை. அங்கே கம்பளி இல்லாமல் நிற்க இயலாது. இம்மூன்றையும் ஒரே நாளில் கடந்து செல்லவும் கூடும். ஆகவே மெல்லிய பருத்தி உடை, கம்பளிச் சட்டை, மழைக்கு ஒரு மேலங்கி ஆகிய மூன்றும் ஒரே பையில் இடம்பெற வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் மழையே கவனிக்கத்தக்கது. ஆண்டில் இருமுறை மழையும் இருமுறை வறட்சியும் மாறி மாறி வருகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அப்போது மலைச்சரிவுகள் இடிந்து சாலைகளில் விழுவதுண்டு. மழைக்காலத்தில் செல்ல நேர்ந்தால், திரும்பும் விமானத்துக்கு முந்திய நாள் ஒன்றை வேறெந்த வேலையும் வையாமல் ஒதுக்கி வைத்தல் நலம்.

தலைநகரான பொகோட்டாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்தில் புக்கரமாங்காவை அடையலாம். தரை வழியே வந்தால் சுமார் 400 கிலோமீட்டர். ஒரு பகல் முழுதும் கழியும். விமான நிலையத்தின் பெயர் பாலோநெக்ரோ. மலை முடிகளைச் சீவிச் சமன் செய்து ஓடுபாதை அமைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோ கொலம்பிய வரலாற்றில் துயரம் நிறைந்தது. 1899 முதல் 1902 வரை அந்நாட்டைச் சீரழித்த ஆயிரம் நாள் போர் என்னும் உள்நாட்டுப் போரிலே, 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினைந்து நாட்கள் இடைவிடாது நடந்த பெரும் சண்டை இம்மலைகளின் மேல்தான் நிகழ்ந்தது. வந்திறங்கும் பயணி தன் பெட்டியைத் தேடும் இடம் ஒரு போர்க்களம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

புக்கரமாங்காவைப் பூங்காக்களின் நகரம் என்று அந்நாட்டினர் அழைக்கின்றனர். சதுக்கம் தோறும் மரநிழலும் இருக்கைகளும் உள்ளன. மாலை நேரத்தில் முதியோர் அமர்ந்து பேசுவதையும், சிறுவர் ஓடி விளையாடுவதையும் அங்கே காணலாம். அவற்றுள் கார்சியா ரொவீரா சதுக்கத்தை மாணவர்கள் தவறாமல் காண வேண்டும். 1780இல் இவ்வூரிலே பிறந்த குஸ்தோதியோ கார்சியா ரொவீரா படிப்பிலே ஊறியவர். விடுதலைப் போரில் படைத்தலைவரானபோதும் ‘மாணவர்’ என்ற பட்டப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. 1816இல் ஸ்பானியர் அவரைக் கொன்றனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், சிமோன் பொலிவார் 1828ஆம் ஆண்டில் தங்கியிருந்த வீடு காட்சிசாலையாக விளங்குகிறது. ஐந்து நாடுகளை விடுவித்த அந்த வீரர், தாம் உருவாக்கிய நாட்டின் அரசியலமைப்பைத் திருத்த ஒக்காஞா என்ற ஊரில் கூடிய மாநாட்டின் முடிவை எதிர்பார்த்து இங்கே காத்திருந்தார். மாநாடு முறிந்தது. அந்நாட்களில் அவருடன் இருந்த பெரூ தே லக்ருவா என்னும் பிரெஞ்சு நாட்டு அதிகாரி, அவர் பேசியவற்றையெல்லாம் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். வெற்றிக் காலத்துப் பொலிவாரைப் பல நூல்களில் காணலாம். மனம் சோர்ந்த பொலிவாரைக் காட்டுவது அந்த நாட்குறிப்பு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பானிய மொழியிலே ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பிற இடங்களில் நெருங்கியோர் தம்முள் ‘நீ’ என்றே பேசிக்கொள்வர். சாந்தாந்தேர் மக்களோ நண்பரிடமும், உடன்பிறந்தாரிடமும்கூட ‘நீங்கள்’ என்றே பேசுவது வழக்கம். பேச்சில் சற்றுக் கடுமை தொனிக்கும். அதைக் கோபமென்று கருதலாகாது. புறப்படுமுன் ஐம்பது சொற்களையாவது கற்றுக்கொண்டு செல்பவருக்கு எல்லாக் கதவுகளும் எளிதில் திறக்கும்.

நகரிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் உள்ளது ஹிரோன். 1631இல் அமைந்த ஊர். வெண்சுண்ணம் பூசிய சுவர்களும், கல் பாவிய தெருக்களும், சிறு ஓடைகளின் மேல் கட்டிய கற்பாலங்களும் பழைய நிலையிலேயே காக்கப்பட்டு வருகின்றன. அருகே ஓடும் ஆற்றின் பெயர் பொன்னாறு. பொன்னை நாடி ஸ்பானியர் இங்கே வந்ததற்குப் பெயரே சான்று. அதே ஆறு 2005ஆம் ஆண்டில் கரை புரண்டு பல குடிகளை அழித்தது. அரை நாளில் பார்த்து முடிக்கலாம். மாலையில், வெயில் தாழ்ந்த பின் செல்வது சிறந்தது, வெள்ளைச் சுவர்கள் பகலில் கண்ணைக் கூசச் செய்யும்.

மூன்றாம் நாள் தெற்கு நோக்கிப் புறப்படலாம். சுமார் 50 கிலோமீட்டர் சென்றதும் சிக்கமோச்சாப் பள்ளத்தாக்கின் விளிம்பிலே ஒரு பூங்கா உள்ளது. அதன் பெயர் ‘சிக்கமோச்சா தேசியப் பூங்கா’. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். காடும் விலங்கும் காக்க அரசு ஒதுக்கிய தேசிய வனம் அன்று அது. 2006இல் திறக்கப்பட்ட உல்லாசப் பூங்கா. ஊஞ்சல்களும், கடைகளும், நீர்விளையாட்டுகளும் நிறைந்தது. எனினும் அங்கிருந்து காணும் பள்ளத்தாக்கின் காட்சி உண்மையானது. பூங்காவிலிருந்து மறுகரைக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள கம்பிவட ஊர்தி செல்கிறது. ஆற்றங்கரை வரை இறங்கி, மீண்டும் எதிர்மலையின் மேல் ஏறுகிறது. சாலையில் மணிக்கணக்கில் சுற்ற வேண்டிய வழியை அரை மணியில் கடந்து விடுகிறது. வேடிக்கைக்காக ஏறுபவர் பலர். நான் பூகோள மாணவருக்கு இதைப் பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக. ஒரே பார்வையில் பசுமை, வறட்சி, மீண்டும் பசுமை என்று மலையின் ஆடை மாறுவதை அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தெளிவாகக் காணலாம். மழைமேகங்களைச் சுற்றிலுமுள்ள உயர்ந்த மலைகள் தடுத்துக்கொள்வதால் பள்ளத்தின் உட்புறம் வறண்டு கிடக்கிறது.

மறுகரையிலுள்ள மேட்டு நிலத்துக்கு மெசா தே லோஸ் சாந்தோஸ், அதாவது ‘புனிதர்களின் மேசை’ என்று பெயர். மெசா என்ற சொல் உங்களுக்குப் புதியதன்று. போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்த ‘மேசை’ என்ற சொல்லும் இதுவும் ஒன்றே. மேசைப் பலகைபோல் தட்டையாக இருப்பதால் அப்பெயர். இதன் அடியிலே, பூமிக்குள் சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்தில், உலகில் நிலநடுக்கம் மிக நெருக்கமாக நிகழும் இடங்களுள் ஒன்று இருக்கிறது. ‘புக்கரமாங்கா நிலநடுக்கக் கூடு’ என்று அறிஞர் அதனைக் குறிப்பிடுவர். ஆண்டு முழுவதும் அங்கே சிறு நடுக்கங்கள் தோன்றிய வண்ணம் உள்ளன. ஆழம் மிகுதியாதலால் மேலே வருவதற்குள் அவற்றின் வலி குறைந்து விடுகிறது. 2015 மார்ச்சில் 6 அளவைத் தாண்டிய ஒரு நடுக்கம் நாட்டின் பெரும்பகுதியில் உணரப்பட்டும், பெருஞ்சேதம் விளையவில்லை. இரவில் கட்டில் இலேசாக ஆடினால் அங்கு வாழ்வோர் புரண்டு படுத்து உறங்குவர். விருந்தினர்தாம் எழுந்து ஓடுவர்.

அடுத்த ஊரான சான் ஹில் படகோட்டுதல், குகைக்குள் இறங்குதல் முதலிய துணிகர விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்றது. அவற்றில் விருப்பமுடையோர் ஒருநாள் தங்கலாம். ஏனையோருக்கு, ஃபோன்சே ஆற்றின் கரையிலுள்ள கல்லினெரால் பூங்கா போதும். அங்கு மரக்கிளைகள் எங்கும் நரைத்த தாடிபோல் ஒரு செடி தொங்குகிறது. ‘கிழவன் தாடி’ என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். இது மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி அன்று. காற்றின் ஈரத்தையும் தூசியையும் உண்டு, மரத்தில் வெறுமனே தொற்றி வாழ்வது.

சான் ஹிலிலிருந்து 20 கிலோமீட்டர் பரிச்சாரா. இங்கே மூன்று நாட்களாவது தங்க வேண்டும் என்பது என் கருத்து. 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. கோயிலும், தெருவும், திண்ணையும் மஞ்சள் மணற்கல்லால் ஆனவை. வீட்டுச் சுவர்களோ மண்ணால் ஆனவை. இரு பலகைகளுக்கு இடையே ஈரமண்ணைக் கொட்டி, கனத்த உலக்கை போன்ற கருவியால் இடித்து இறுக்கி, ஓர் அடுக்கு உலர்ந்ததும் அதன்மேல் அடுத்ததை இடித்து எழுப்புவர். அடியில் ஈரம் ஏறாமலிருக்கக் கல் அடித்தளம். மேலே மழை படாமலிருக்க நீண்ட ஓட்டுக்கூரை. காலும் தலையும் நனையாமல் காத்தால் மண்சுவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி. சுவர் தடிப்பாக இருப்பதால் பகல் வெப்பம் உள்ளே நுழைவதற்குள் மாலை வந்துவிடுகிறது. இந்தத் தொழிலை அறிந்த கைகள் குறைந்துவிடாதபடி, கல் செதுக்குதலையும் பிற கைத்தொழில்களையும் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் பட்டறைப் பள்ளி ஒன்றும் ஊரில் இருக்கிறது. ஃபீக்கே என்னும் கற்றாழை போன்ற செடியின் நாரிலிருந்து காகிதம் செய்யும் பட்டறையும் உண்டு. அந்நாரால்தான் அந்நாட்டின் காப்பிக்கொட்டைச் சாக்குகள் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வந்தன.

பரிச்சாராவின் மேற்கு விளிம்பில் நின்றால், சுவாரஸ் ஆற்றின் பள்ளத்துக்கு அப்பால் நீலநிறத்தில் ஒரு மலைத்தொடர் தோன்றும். அது யாரிகீயெஸ் மலை. 2005இல் அரசு அதனை உண்மையாகவே தேசிய இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. ஊஞ்சலும் கடையும் அங்கே இல்லை. மறு ஆண்டிலேயே, அதுவரை அறியப்படாத பறவை வகையொன்று அங்கிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. நம் பயணி தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறைவு கொள்ளலாம். சில காடுகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

பரிச்சாராவிலிருந்து குவானே என்னும் சிற்றூருக்கு ஒரு பழைய கற்பாதை இறங்குகிறது. இரண்டு மணி நேர நடை. இம்முழுப் பயணத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் காணலாம் என்றால், கம்பிவட ஊர்தியை விட்டு இந்தப் பாதையையே நான் தேர்ந்தெடுப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாகாணத்துக்கு வந்து, சிங்கோனாப் பட்டை வாணிகம் செய்து, மலை வழிகள் பலவற்றை அமைத்த லெங்கெர்க்கே என்ற ஜெர்மானியர் இதனைச் செப்பனிட்டார் என்பர். விடியற்காலையில், தண்ணீர் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். திரும்புவதற்குச் சிறு பேருந்து உண்டு. குவானேயின் காட்சிசாலையில் சுருள் வடிவான கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்கள் குவிந்து கிடக்கின்றன. பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் இம்மலைகள் கடலின் அடித்தளமாக இருந்தன. ஊரின் பெயரோ, பருத்தி நெய்வதில் தேர்ந்திருந்த குவானே மக்களுடையது. அம்மக்களின் மொழி இன்று பேசப்படவில்லை. துணியின் துண்டுகள் மட்டும் மலைக்குகைகளில் கிடைத்துள்ளன.

சான் ஹிலுக்குத் தெற்கே 20 கிலோமீட்டரில் உள்ள சொக்கோரோவைச் சுற்றுலாக்காரர் பலர் தவிர்த்து விடுகின்றனர். அழகில் அது பரிச்சாராவுக்குப் பின்னதே. ஆயினும், வரலாறு படிக்கும் மாணவர் இதனைத் தவிர்க்கலாகாது. 1779இல் ஸ்பெயின் இங்கிலாந்துடன் போர் தொடுத்தது. போர்ச்செலவுக்குப் பணம் வேண்டிக் குடியேற்ற நாடுகளின்மேல் புது வரிகள் விதிக்கப்பட்டன. புகையிலையும் பருத்தியும் பயிரிட்டு, நூல் நூற்று வாழ்ந்த இப்பகுதிச் சிறு குடியானவர்மேல் அந்தச் சுமை விழுந்தது. புகையிலையைக் குறித்த இடங்களுக்கு அப்பால் பயிரிடவும் தடை. 1781 மார்ச் 16ஆம் நாள், சந்தை கூடியிருந்தபோது, மனுவேலா பெல்த்ரான் என்னும் பெண்மணி சுவரில் ஒட்டியிருந்த வரி ஆணையைக் கிழித்தெறிந்தாள். கூட்டம் படையாயிற்று. இருபதினாயிரம் பேர் வரை தலைநகரை நோக்கிச் சென்றனர். நகருக்குச் சற்று முன்னே, சிப்பாக்கிரா என்ற ஊரில், அதிகாரிகள் உடன்படிக்கைக்கு இசைந்தனர். வரிகள் குறைக்கப்படும் என்று பேராயர் முன்னிலையில் சத்தியம் செய்யப்பட்டது. மக்கள் நம்பிக் கலைந்து வீடு திரும்பினர். அவர்கள் கலைந்ததும் அரசப் பிரதிநிதி உடன்படிக்கை செல்லாது என்றார்.

நம்பாமல் போராட்டத்தைத் தொடர்ந்தவர் ஹோசே அந்தோனியோ கலான். சராலா என்னும் அருகூரைச் சேர்ந்தவர். 1782 பிப்ரவரி முதல் நாள் அவரைக் கொன்று, உடலைத் துண்டித்து, ஊர்தோறும் காட்சிக்கு அனுப்பினர். வலக்கை சொக்கோரோவுக்கும், இடக்கை சான் ஹிலுக்கும், வலக்கால் பிறந்த ஊரான சராலாவுக்கும் விதிக்கப்பட்டன. அவர் வீட்டை இடித்து அந்நிலத்தில் உப்பு விதைக்கவும் தீர்ப்பில் கூறப்பட்டிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1810 ஜூலையில், பொகோட்டா எழுவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே சொக்கோரோ ஸ்பானிய அதிகாரியை எதிர்த்து எழுந்தது. இவற்றை முன்னரே படித்துவிட்டு அந்தச் சதுக்கத்தில் நின்று பாருங்கள். படிக்காமல் நிற்பவருக்கு அது கோயிலும் மரமும் உள்ள மற்றுமொரு சதுக்கம் மட்டுமே.

புக்கரமாங்காவுக்குத் திரும்பியதும் ஒரு பகலைக் கிழக்கு மலைக்கு ஒதுக்க வேண்டும். கூக்குத்தா செல்லும் நெடுஞ்சாலை 3,000 மீட்டருக்கு மேலே ஏறி, பெர்லின் என்னும் குளிர்ந்த சிற்றூரைக் கடக்கிறது. சாந்துர்பான் என வழங்கும் உயர்மலைப் புல்வெளிப் பரப்பைச் சேர்ந்தது இது. இத்தகைய நிலத்தைப் பாரமோ என்பர். பிரைலெஹோன் என்னும் செடி, மயிரடர்ந்த வெள்ளிநிற இலைகளால் பனிமூட்டத்தின் ஈரத்தைப் பற்றித் தரைக்கு இறக்குகிறது. பஞ்சு போன்ற மண் அதனை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் செடி அது. ஆள் உயரச் செடியொன்றைக் கண்டால், அதன் வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். புக்கரமாங்காவின் குடிநீர்க் குழாயில் வருவது இந்த மலைகளின் நீரே.

அதே மலையின் அடியில் பொன்னும் இருக்கிறது. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று திறந்த சுரங்கம் தோண்ட அனுமதி வேண்டியபோது, நகரமக்கள் பல்லாயிரவராகத் தெருவில் திரண்டனர். 2011இல் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. பாரமோ நிலங்களில் சுரங்கம் கூடாதென்று 2016இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாரமோவின் எல்லை எங்கே முடிகிறது, அதற்குக் கீழே தோண்டலாமா என்ற வழக்கு அதன் பின்னும் தொடர்ந்தது. மலையில் வாழும் சுரங்கத் தொழிலாளருக்கும் பிழைப்பு வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. அங்கே செல்வோர் பாதையை விட்டு விலகி அந்தப் பஞ்சு மண்ணை மிதிக்கலாகாது. நகரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறுவதால் தலைவலி வரக்கூடும். மெல்ல நடந்து, நீர் அருந்தி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் மன்னிக்க மாட்டார்கள். பருத்த பின்புறமுடைய பெண் எறும்புகளை உப்பிட்டு வறுத்து உண்பது அம்மாகாணத்தின் தனிச் சிறப்பு. மழை தொடங்கும் காலத்தில் புற்றிலிருந்து சிறகுடன் வெளிவரும்போது அவற்றைப் பிடிக்கின்றனர். குவானே மக்கள் காலத்திலிருந்தே வழங்கிவரும் உணவு அது. ஈசலை வறுத்து அரிசியோடு உண்டு பழகியவர் முகம் சுளிக்கக் காரணமில்லை. புலால் உண்ணாதவர்க்கு வேலெஸ் என்ற ஊரின் கொய்யாப் பழ இனிப்பு இருக்கிறது. பழக்கூழைச் சர்க்கரையுடன் கெட்டியாகக் காய்ச்சி, வில்லைகளாக வெட்டி, உலர்த்திய பிஹாவோ இலையில் ஒவ்வொன்றாகப் பொதிந்து மரப்பெட்டியில் அடுக்குகின்றனர். பல நாட்கள் கெடாமல் இருக்கும். ஊருக்குக் கொண்டுவர ஏற்றது.